இரண்டு மில்லிகிராம் பட்டிப்பூ

தெல்லிப்பழை, புற்றுநோய்ப் பிரிவு, மருந்து கலக்கும் அறை.
கையுறை இரண்டு சோடி. கண்ணாடித் தடுப்பு.
ஊசிக்குள் தண்ணீரைப் போல ஒன்று கிடக்கிறது.
உறையில் சிவப்பெழுத்து:
நாளத்துக்கு மட்டும். முள்ளந்தண்டுக்குள் போனால் மரணம்.
ஒட்டும்போதெல்லாம் இரண்டு தரம் வாசிப்பேன்,
எழுதியதே நான்தான் என்றாலும்.

கட்டிலுக்குக் கொண்டுபோன முதல் நாள்
பிலோமினம்மா கேட்டார்: இதை எதில செய்யிறவை பிள்ளை?
பட்டிப்பூவில, என்றேன்.
சிரித்த சிரிப்பில் கையில் குத்தியிருந்த கனுலா ஆடியது.
ஆடும் தின்னாத பூ.
பாசையூர்ச் சவக்காலையில், புருசனின் தலைமாட்டில்
நட்டவரே அவர்தானாம்,
தண்ணி ஊத்தாட்டிலும் நிக்கும் எண்டு.

நான் அவருக்குச் சொல்லாதது:

கலத்துக்குள் ஒரு செங்கல் உண்டு. ரியூபுலின்.
தனியாக வராது, அல்பாவும் பீற்றாவும் சோடியாக.
சோடிமேல் சோடி வைத்துப் பதின்மூன்று வரிசை,
சுற்றி வளைந்தால் குழல்.
கட்டி முடிந்தது என்ற பேச்சே அங்கே இல்லை.
ஒரு நுனி வளரும், வளரும்,
வளர்ந்துகொண்டிருக்கையிலேயே
தொப்பி கழன்று
உரித்த வாழைப்பழத்தோல் போல இழை இழையாய் விரிந்து சரியும்.
சரிந்த கல்லை இன்னொரு குழல் பொறுக்கும்.

இதை மேய்க்க எத்தனை புரதங்கள்.
நுனியில் தொற்றிக்கொண்டு கூடவே போவது ஒன்று.
உதிரிச் சோடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தரமாட்டேன் என்று நிற்பது ஒன்று.
நடுவில் வெட்டுவது.
நரம்புக்குள்ளே, சிலிப்பர் கட்டைக்கு ஆணி அறைந்தது போல
குழலைப் பிடித்திருக்கும் ரௌ.
எல்லாம் தொடுவது அதே கல்லைத்தான்,
ஆளுக்கொரு இடத்தில்.

பட்டிப்பூவும் தொடும்.
ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் நடுவே
ஆப்பு மாதிரி இறங்கும்.
நேராக வேண்டியது வளையும்.
இரண்டாகப் பிரிய வந்த கலம்
நிறமூர்த்தங்களை நடுவில் வரிசையாய் நிறுத்திவிட்டு
இழுக்கும் கயிற்றுக்குக் காத்திருக்கும்.
கயிறு வராது.
காத்திருந்தே செத்துப்போகும்.
பிலோமினம்மாவின் கழுத்துக் கட்டி
தேசிக்காயிலிருந்து புளியங்கொட்டைக்கு வந்தது இப்படித்தான்.

ஐந்தாம் தரம் வந்தபோது
சட்டையில் தெறி பூட்டியிருக்கவில்லை. ஊக்கு.
விரல் விறைக்குது, என்றார்.
நண்டுக் கம்பனியில அளவு பாக்கிறது விரலாலதானே.
நேற்று ஓடு வெட்டினது
பக்கத்தில நிண்டவள் ரத்தத்தைக் காட்டித்தான் தெரியும்.
வரேக்கை செருப்பு எங்கயோ கழண்டு போச்சு,
வெறுங்காலோட பஸ் ஏறியிருக்கிறன்.

நரம்புக்கலம் பிரிவதில்லை.
ஆனாலும் அதற்கும் குழல் வேண்டும்:
இடுப்பிலிருந்து கால் பெருவிரல்வரை ஒரே கலம்,
சாமான் முழுக்க அந்தத் தண்டவாளத்தில்தான்.
எனக்கு இதைப் புத்தகம் விளக்கவில்லை.
தொண்ணூறில் காங்கேசன்துறைக்கு ரயில் நின்றது.
தண்டவாளம் பங்கர் மூடப் போனது, சிலிப்பர் கட்டையும்.
கொழும்பில் ஒரு கடையும் பூட்டவில்லை.
கடைசி ஸ்ரேசனுக்குத்தான் முதலில் விறைத்தது.

டொக்டர் கஜவதனி இரண்டை வெட்டி
ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.
புளியங்கொட்டை என்ன நினைக்கும் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மிச்சத்தை மஞ்சள் வாளிக்குள் போட்டேன்.
ஒரு சவக்காலைப் பூ எவ்வளவு இருக்கும் அதற்குள், தெரியாது.

மருந்து ஏறுகிறது.
வெளியே காங்கேசன்துறை வண்டி,
யன்னல் கண்ணாடி கொஞ்சம் நடுங்குகிறது.
நிலம் அதிருதோ பிள்ளை?
ஓம், என்றேன்.
அவர் பாதத்தைத் தரையில் ஊன்றி
கொஞ்சநேரம் இருந்தார்.
காதில கேக்குது, என்றார்,
காலில தெரியேல்லை.